மணி நின்ற பிறகு வந்த மலைகள்

யோகாம்பிகைக்கு நடந்த அநியாயம் இதுதான்: மூடுபனி இறங்கிய ஒரு புதன்கிழமைப் பின்னேரம், அவள் இன்னும் மலையில் நிற்க, ஊரார் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி ஆஷ்லகூமில் தேவாலய மணியை நிறுத்திவிட்டார்கள். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கெட்டவர்களே இல்லாத ஊரில் ஒரு மனுஷி எப்படித் தொலைந்துபோனாள் என்று திருப்பிக் கேட்டால், தேத்தண்ணி குடிக்கிறாயா என்பார்கள்.

ஆஷ்லகூம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்கிற மேட்டுவெளியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். மேட்டுவெளி என்றால் மரம் மட்டை இல்லாத, கால் வைத்தால் கரிமண் சேறு முழங்காலைப் பிடித்து இழுக்கிற, மட்டக்குதிரைகள் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வெளி. அதிலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குன்றுகள். ஒவ்வொரு குன்றின் தலையிலும், யாரோ சமைக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் எழும்பிப் போன அடுப்புக் கற்கள் மாதிரிப் பெரும் பெரும் கருங்கற் பாறைகள். அப்படிப்பட்ட குன்றை அங்கத்தைய சனம் டோர் என்று சொல்லும். லார்க் டோர், பிட்ஸ் டோர், கிரேமேர் டோர், எல்லாவற்றையும்விட உயர்ந்து மேற்கே தனியாக நிற்கிற ஹன்னர் டோர். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கும். இறங்கினால் தன் கையைத் தானே தேட வேண்டும்.

அதனால் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பனி இறங்கியதும் மணியை அடிக்கத் தொடங்குவார்கள். மேலே நிற்கிறவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். பப் நடத்துகிற டென்சில் மட்ஜ், உங்கள் வீட்டில் எல்லாரும் வந்தாச்சா என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போவார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் தட்டினார், தகப்பனுடைய தகப்பனும். கடைசியில் அவர் தேவாலய வாசலுக்கு வந்து நிற்க, மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் வின்னி லஸ்கம், மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு கன்றை இழுத்தெடுக்கிற அதே குரலில் உள்ளேயிருந்து கேட்பார்: "எல்லாரும் வந்தாச்சா?" டென்சில், "வந்தாச்சு" என்பார். மணி நிற்கும். ஒரே ஒருவர் வராவிட்டாலும் மணி நிற்கக்கூடாது. அதற்கு மேல் அந்த ஊருக்கு வேதம் கிடையாது.

டென்சில் தட்டாத ஒரு கதவு இருந்தது. அது தில்லைநாதனும் யோகாம்பிகையும் நடத்திய கடையின் கதவு. பாலும் பாண் ரொட்டியும் பத்திரிகையும் முத்திரையும் விற்கிற, ஊருக்கே ஒன்றான கடை. ஏன் அந்தக் கதவைத் தட்டுவதில்லை என்று டென்சிலை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டதில்லை. கடைக்காரர் கடையில்தானே இருப்பார்கள்.

யோகாம்பிகை கடையில் இருக்கவில்லை. அவள் பிறந்தது கோண்டாவிலில். பனைமரத்தையும் கோயில் கோபுரத்தையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாத, தோசைக்கல்லில் ஊற்றினது மாதிரித் தட்டையான மண்ணில் வளர்ந்தவளுக்கு, ஐம்பது வயதுக்குப் பிறகு உயரத்தின் மேல் ஆசை வந்தது. புதன்கிழமை அரை நாள் கடை பூட்டு. மத்தியானம் சோறு தின்றதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியோடு ஹன்னர் டோருக்கு ஏறுவாள். உச்சிப் பாறையில் குந்தியிருந்து குடித்துவிட்டு இறங்குவாள். ஒளித்துச் செய்யவில்லை, ஆனால் ஊரில் யாரும் கேட்காதபடியால் யாருக்கும் சொல்லவுமில்லை. பிரிஸ்டலில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் ஆரபிக்கு மட்டும் ஒருமுறை போனில் சொன்னாள்: "அங்க ஏறி நிண்டா, பிள்ளை, ஒருத்தருக்கும் 'வேற என்ன வேணும்' எண்டு கேக்கத் தேவையில்லை."

அந்தப் புதன்கிழமை தில்லைநாதன் சாமான் ஏற்ற எக்ஸிட்டருக்குப் போய், பனியில் வழி தெரியாமல் வான் வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டுக் கிடந்தார். கடையில் யோகாம்பிகை அணைக்காமல் போன லைட் எரிந்துகொண்டிருந்தது. டென்சில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். வின்னி கேட்டார். டென்சில், வந்தாச்சு என்றார்.

பிறகு மீட்புக்காரர் வந்தார்கள், நாய்கள் வந்தன, ஹெலிகொப்டர் வந்து மேட்டுவெளியின் புல்லையெல்லாம் தலைவாரிவிட்டுப் போனது. ஒரு சப்பாத்துக் கிடைக்கவில்லை, பிளாஸ்கின் மூடி கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் செத்தவீடும் இல்லை. அந்தக் காலநிலையில் அவ ஏன் தனியாகப் போனா என்று ஊர் பரிவோடு கேட்டது; பரிவோடு கேட்டால் குற்றச்சாட்டு குற்றச்சாட்டு இல்லை என்பது அந்த ஊரின் நம்பிக்கை.

அடுத்த பனி இறங்கியது. மணி அடித்தது, டென்சில் கதவுகளைத் தட்டினார், வந்தாச்சு என்றார், மணி நின்றது, பனி விலகியது. விலகினபோது லார்க் டோர் வடக்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது.

சத்தமில்லாமல் வந்திருந்தது. ஒரு வேலி சரியவில்லை, ஒரு குருவி எழும்பவில்லை. பாறைகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, நெடுந்தூரம் நடந்து வந்த மாட்டின் விலாவில் வேர்வை வடிகிற மாதிரி. அதன் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை நிமிர்த்தாமல் மேய்ந்துகொண்டேயிருந்தன. அது முன்பு நின்ற இடத்தில், நெடுநாள் நின்ற அலுமாரியை நகர்த்தினால் சுவரில் தெரிகிற வெளிறல் மாதிரி, புல்லில்லாத ஒரு வெளிர்த் தட்டை.

ஊர் அதைச் சமாளித்துக்கொண்டது. ஆஷ்லகூம் எதைத்தான் சமாளிக்கவில்லை? பந்தடிக்கிற வெளியில் மலை நிற்பதால் பிள்ளைகள் சரிவிலேயே பந்தடித்தார்கள், ஒரு பக்கம் மேல்நோக்கி, மறுபக்கம் கீழ்நோக்கி, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் நியாயம் சரியாகிவிடும் என்று தலைமையாசிரியை தீர்ப்புச் சொன்னார். பக்கத்து ஊர் ஆட்டுக்காரர் தன் ஆடுகளைத் தேடிக்கொண்டு வந்து, மலை உங்களுடையதாகிவிட்டாலும் ஆடு என்னுடையது என்று சண்டை பிடித்தார். மலையை வைத்திருக்க அனுமதி வேண்டுமா என்று மேட்டுவெளியைப் பராமரிக்கிற தேசியப் பூங்கா அலுவலகத்தைக் கேட்டதற்கு, எழுப்பினால்தான் அனுமதி வேண்டும், தானாக வந்தால் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அதற்கடுத்த பனியில் பிட்ஸ் டோர் வந்து கிழக்கே வின்னியின் காணிக்கு மேல் நின்றது. வின்னி அதன் பாறையில் ஒரு கொடி கட்டிப் போர்வைகளைக் காயப்போட்டார். உச்சிகளை எண்ணி எண்ணி ஏறுகிற மலையேறிகள், இரண்டு டோரையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு டென்சிலின் பப்பில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை தின்றார்கள். பஸ் தரிப்பில் சந்தித்துக்கொள்கிறவர்கள், "இன்றைக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறது போல" என்றால், "ஓம், ஆனால் மழை இல்லையே, அது பெரிய காரியம்" என்று முடித்துக்கொண்டார்கள். சூரியன் வரப் பிந்தியது. சேவல்கள் குழம்பிப்போய், கடைசியில் கூவுவதையே விட்டுவிட்டன.

ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மலைகள் வந்த பிறகு ஊரில் எதிரொலி இல்லாமல் போயிற்று. நாயைக் கூப்பிட்டால் கூப்பிட்ட சத்தம் போகும், திரும்பாது. கதவை அடித்துச் சாத்தினால் அந்தச் சத்தத்தை யாரோ வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு கரண்டி விழுந்தாலும் கேட்கப்படுகிறது என்ற உணர்வு எல்லாருக்கும் வந்திருந்தது. சனம் மெல்ல மெல்லத் தணிந்த குரலுக்கு மாறியது. உற்றுப் பார்த்தால், வந்து நின்ற டோர்களின் பாறைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, காது மந்தமான ஆட்கள் சாய்வதுபோல, தேவாலயத்தை நோக்கி.

இந்த நிலையில்தான் ஆரபி பிரிஸ்டலிலிருந்து மறுபடி வந்தாள். வந்தவள் பெட்டியை வைத்துவிட்டு நேரே பப்புக்குப் போனாள். அங்கே பகல் சாப்பாட்டுக்கு ஊரில் பாதி இருந்தது.

"ஆரபி, பிள்ளை, உன் அம்மாவுக்காக, ஆட்கள் குந்தியிருக்க ஒரு வாங்கு போடப் போகிறோம்," என்றார் டென்சில், அவள் வாய் திறக்க முன்னமே. "ஹன்னர் டோர் தெரிகிற இடத்தில். நல்ல ஓக் மரம். பித்தளைத் தகடும் போடுவோம்."

"அதில இருந்து என்ன செய்யிறது? அவ வாறாவா எண்டு பாக்கிறதா?"

"நினைவுக்குத்தான், பிள்ளை."

"உயிரோட இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

டென்சில் ஒரு கிளாஸைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "அவ மேலே போனது எங்கள் ஒருவருக்கும் தெரியாதே."

"தெரிஞ்சுகொள்ளத்தானே கதவு தட்டுறது."

"கடையில் லைட் எரிந்தது."

"உங்கட வீட்டிலயும் லைட் எரியும். உங்கட மனுசியை லைட்டை வைச்சா எண்ணுவீங்கள்?"

மூலையில் இருந்த ஒருவன் சிரித்துவிட்டான்; பக்கத்தில் இருந்தவள் அவனை இடித்தாள். டென்சிலின் மனைவி அடுப்படிக் கதவில் நின்று, தன்னை எதை வைத்து எண்ணுவார் என்று கேட்கிற முகத்தோடு புருஷனைப் பார்த்தாள்.

"இவ்வளவு வருசமா எங்கட கடையில பால் வாங்குறீங்கள்," என்றாள் ஆரபி. "கதவு எந்தப் பக்கம் எண்டு தெரியாதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு வாங்கு வேண்டாம். மணியை அடியுங்கோ. அம்மா வரும்வரைக்கும் அடியுங்கோ."

"அடித்தால், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று ஆகும்."

"ஆகட்டும்."

"பனி இல்லாமல் மணி அடிக்கிறதில்லை," என்று வின்னி குறுக்கே வந்தார். அது உண்மையும்கூட; அந்த ஊரில் வசதியான உண்மைகளுக்குப் பஞ்சமில்லை.

பனி அந்தக் கிழமையே இறங்கியது. ஆரபி தேவாலய வாசலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். டென்சிலின் தட்டல் தெருவழியே வருவதைக் கேட்டாள்: தட்டு, குரல், தட்டு, குரல். கடைக்கு முன்னால் ஒரு கதவு நீளத்துக்கு வெறும் காலடி. பிறகு மறுபடி தட்டு, குரல். அவர் வாசலுக்கு வந்து நிற்க, வின்னி கேட்க, டென்சில் இந்த முறை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வந்தாச்சு" என்றார். மணி நின்றது. நின்ற அந்தக் கணத்தில் பனிக்குள் எங்கோ, கேட்டதென்று சொல்லமுடியாதபடி, கனமான ஒன்று தன் இடத்தைவிட்டு எழும்பினது ஆரபியின் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பனி கலைந்தபோது கிரேமேர் டோர் தெற்கே வந்து நின்று, இடுகாட்டு மதிலுக்கு மேலால் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

அவள் கடைக்கு ஓடினாள். தில்லைநாதன் பாண்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா! அந்த மனுசன் வந்தாச்சு எண்டு சொல்லுற ஒவ்வொரு தரமும் ஒரு மலை வருது. அம்மாவை விட்டுட்டுப் பொய் சொல்லச் சொல்ல வருது!"

"ஓம்," என்றார் தில்லைநாதன்.

"தெரியுமோ உங்களுக்கு?"

"லார்க் டோர் வந்த அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீங்களோ? அவருக்குப் பாண் வித்துக்கொண்டு? நல்ல வெய்யில் எண்டு கதைச்சுக்கொண்டு?"

தில்லைநாதன் கையிலிருந்த பாணை வைத்தார். வைத்துவிட்டு, கடைக் கண்ணாடி வழியே மேற்கே கையைக் காட்டினார். மூன்று பக்கமும் மலை அடைத்துவிட்ட ஊரில் அந்த ஒரு பக்கத்தில்தான் வானம் மிச்சமிருந்தது. பஸ் வருகிற ரோட்டும், டென்சிலின் பப்பும், பின்னேர வெளிச்சமும் அந்தப் பக்கம்தான். தூரத்தில், நீல நிறத்தில், ஹன்னர் டோர்.

"இனி அது ஒண்டுதான் மிச்சம்," என்றார். "கொம்மா ஏறின மலை. அந்த மனுசன் இன்னும் ஒருக்கா அந்தப் பொய்யைச் சொன்னால் அதுவும் வரும். வந்து உதில, பஸ் நிக்கிற மாதிரி நிக்கும். நான் கதவைத் திறந்துபோட்டு ஏறிப் போய் அவவைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன். நான் ஏன் பேசோணும், பிள்ளை? பனி இறங்கினால் நானே லைட்டைப் போட்டுவைக்கிறன், அவர் தட்டாமல் போகட்டும் எண்டு."

பிரிஸ்டலில் எதிர்த்தரப்பு வாதம் பேச யார் என்று கேட்டால் முதல் ஆளாக எழும்புகிறவள் ஆரபி. இப்போது அவளுக்குச் சின்னக் குரல்தான் வந்தது.

"அது சரியில்லை, அப்பா. வந்த மலையெல்லாம் 'எல்லாரும் வந்தாச்சு' எண்டதைக் கேட்டு வந்தது. இனி ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டு சொல்லுற சொல்லு அது. அதைக் கேட்டு வாற மலையில அம்மா எப்பிடி இருப்பா?"

"சரி பிழை எனக்கு வேண்டாம். எனக்கு ஆள் வேணும்."

"இருந்தால் நல்லது. இல்லாட்டில்? மலை வந்து வெறுமையா நிண்டால், பிறகு எங்க போய்த் தேடுவீங்கள்? மேட்டுவெளியில தேட ஒரு உச்சிகூட மிச்சமிராது."

தில்லைநாதன் பாண் அடுக்கப் போய்விட்டார். பாண் முழுக்க அடுக்கி முடிந்திருந்தது. எடுத்து எடுத்துத் திரும்ப அடுக்கினார்.

ஆரபி ஊருக்கு இதைச் சொன்னாள், ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கதவையும் தட்டி. ஒரு பொய்க்கு ஒரு மலை, அடுத்தது ஹன்னர், அது நிற்க இடம் மேற்கே மட்டும்தான். சிலர் அது ஒரு கருத்து என்றார்கள். சிலர் வின்னியிடம் போய், இனிப் பனி இறங்கினால் மணியே அடிக்காமல் விட்டால் என்ன என்று கேட்டார்கள். வின்னி அவர்களை ஆட்டுக் கொட்டிலுக்குள் வந்த ஓநாயைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். டென்சில் கதவைத் திறந்தார், முழுக்கக் கேட்டார், சாத்தினார். அன்றைக்கு அவர் பப்பைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கையில், பனி இறங்கியது. முன்னெப்போதும் இல்லாத பனி. கடைக்குள்ளும் வந்து, மாவுப் பெட்டிகளுக்கும் தேயிலைப் பெட்டிகளுக்கும் இடையில் நின்றது. மணி அடிக்கத் தொடங்கியது. தில்லைநாதன் லைட்டைப் போட்டார். ஆரபி அணைத்தாள். அவர் போட்டார். அவள் அணைத்தாள். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு, பனிக்குள் அந்தக் கடை கண்ணிமைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்திருக்கும். கடைசியில் தகப்பன் சுவிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்க்க, அந்தக் கையை இழுத்தெடுக்க மகளால் முடியவில்லை. லைட் எரிந்தது.

தட்டல் தெருவழியே வந்தது. தட்டு, குரல். தட்டு, குரல். பக்கத்து வீட்டில் தட்டு, குரல். பிறகு காலடி.

காலடி நின்றது.

மேற்கே, பனிக்கு அப்பால், மிகப் பெரிய ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஊர் முழுக்க உணர்ந்தது. நாய்கள் கட்டில்களுக்கு அடியில் போயின. மணிச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, திரும்பாமல்.

டென்சில் மட்ஜ், லைட் எரிந்துகொண்டிருந்த கடையின் கதவைத் தட்டினார். மனச்சாட்சி தட்டினதா, பப்பின் தலையில் மலை வந்து குந்திவிடும் என்ற பயம் தட்டினதா என்று ஆரபி பிறகும் நெடுநாள் தன்னோடு வாதாடினாள். அந்த நேரம் அவள் வாதாடவில்லை. தில்லைநாதன் ஒரு கை சுவிச்சிலேயே இருக்க, மற்றக் கையால் கதவைத் திறந்தார். டென்சில் தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அவருடைய தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தன் தகப்பனும் தகப்பனுடைய தகப்பனும் ஊரின் கதவுகளில் எல்லாம் கேட்ட கேள்வியை, முதல் முதலாக அதைப் பழகுகிறவர்போலத் தடக்கித் தடக்கிக் கேட்டார்.

"மிஸ்டர் நாதன்... உங்கள் வீட்டில்... எல்லாரும் வந்தாச்சா?"

ஒரு சொல் போதும். வந்தாச்சு என்று தில்லைநாதன் சொன்னால் டென்சில் அதை வாசலுக்குக் கொண்டுபோவார், மணி நிற்கும், ஹன்னர் டோர் எழும்பி வரும், கதவைத் திறந்துபோட்டு ஏறலாம். ஆரபி தகப்பனுடைய கையைப் பிடிக்கவில்லை. டென்சில் மழைக்கு ஒதுங்கினவர்போல அப்படியே காத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு வருசத்தில் இந்தப் படியில் நின்று ஒருவர் தன்னுடைய பதிலுக்காகக் காத்திருப்பதைத் தில்லைநாதன் பார்த்ததில்லை. அவருடைய கை சுவிச்சை விட்டு இறங்கியது.

"இல்லை," என்றார் தில்லைநாதன். "என்ரை மனிசி யோகாம்பிகை இன்னும் வரேல்லை. ஹன்னர் டோரில நிக்கிறா. மணியை நிப்பாட்டாதேங்கோ."